சாவி விழும் சத்தம்

பச்சையம்மா கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது 1988 ஆவணியில். குழந்தை கை நழுவிப் போனதும் அன்றைக்குத்தான். அதனால் நாள், கிழமை எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது.

அதற்குப் பிறகு எட்டு வருடம் அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு வராமல் இல்லை. வரும், வரும்போதே அதன் கழுத்தைத் திருகிப் போட்டுவிடுவாள். டி.வி.யில் காமெடி ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். பக்கத்து வீட்டு நூர் பீவி தெருக்கதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து அவிழ்த்தால், கேட்பது போலத் தலையாட்டிக்கொண்டே மனசுக்குள் அடிப்பிடித்த பால் குண்டானை நினைத்துக்கொள்வாள். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. கடப்பேரியில் அந்தத் தெருவுக்கே அவள் உம்மணாமூஞ்சிதான். பழகப் பழக அது எளிதாகிவிட்டது. முதலில் சிரிப்பு நின்றது, பிறகு கோபம் நின்றது, அப்புறம் இன்னும் என்னென்ன நின்றது என்று பார்க்கவும் தோன்றவில்லை.

காரணம் இதுதான். சிரித்தால் அவள் விழுந்துவிடுவாள்.

கல்யாணத்தன்றே அது ஊருக்குத் தெரிந்துபோனது. மேடவாக்கத்தில் பெண் வீட்டில் நலங்கு. மாப்பிள்ளை சம்பத் உருட்டிய தேங்காய் பெண்ணிடம் வராமல் தவில்காரரின் மடியில் போய் உட்கார்ந்தது. அவர் அதையும் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். பச்சையம்மா சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே தொங்கியது, தலை சாய்ந்தது, மணையிலிருந்து துணி மூட்டை போலச் சரிந்தாள். 'காக்கா வலிப்பு' என்று யாரோ கத்தினார்கள். மாமியார்க்காரி பாய்ந்து, கல்யாணத்தன்றும் மகன் இடுப்பை விட்டு இறக்காத கடைச் சாவியை உருவி மருமகள் கையில் திணித்தாள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்பது அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாத வைத்தியம். சம்பத்துக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் இரும்புச் சாமான் கடை. அந்த ஷட்டர் சாவி ஒரு சாண் நீளம் இருக்கும். இரண்டு நிமிடத்தில் பச்சையம்மா எழுந்து உட்கார்ந்தாள். பேர் சாவிக்குப் போனது.

டாக்டர் வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஏற்கெனவே அவள் பகலில் தூங்கிவழிகிறவள். அரிசி களைந்துகொண்டே தூங்குவாள், துணி மடித்துக்கொண்டே தூங்குவாள். மாத்திரை வந்த பிறகு கேட்கவே வேண்டாம். சோம்பேறி என்றார்கள், தூங்குமூஞ்சி என்றார்கள், சின்ன வயசில் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று மேடவாக்கத்தாரையும் சேர்த்துத் திட்டினார்கள்.

யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. விழுந்து கிடக்கும்போது அவள் நினைவு எங்கும் போவதில்லை. கண் இமை மூடிவிடும், கை கால் தன்னுடையது இல்லாமல் போய்விடும், நாக்கு புரளாது. காது மட்டும் திறந்தே இருக்கும். மேலே ஓடும் மின்விசிறியின் கிறீச்சு, சுற்றி நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவது எல்லாம் கேட்கும். கல்யாணமான முதல் வருடத்தில் இதை மாமியாரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு எல்லாம் கேக்குது அத்த."

"கேக்குதா? அப்போ வேசமா போட்டுகினு கெடக்கிற?" என்றாள் மாமியார்.

அதோடு சரி. வலிப்புக்காரி என்ற பெயரோடு வாழலாம், வேஷக்காரி என்ற பெயரோடு வாழ முடியாது. பச்சையம்மா வாயை மூடிக்கொண்டாள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் மூடிய வாய் திறக்கவில்லை.

அந்த ஆவணி மாதம், குழந்தை சுகந்திக்கு ஐந்து மாதம். பச்சையம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மிளகாய்ப் பொடி டப்பாவைத் திறந்தாள். தும்மல் வந்தது. அந்தத் தும்மலைப் பார்த்துக் குழந்தை சத்தம் போட்டுச் சிரித்தது. அது சத்தத்தோடு சிரித்தது அதுதான் முதல் தடவை. தாய்க்காரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு தும்மல், இன்னொரு சிரிப்பு. முழங்கால் விட்டுப்போனது. குழந்தை உருண்டு, பீரோவின் கால் இடித்து, புருவத்தில் ரத்தம்.

அன்றைக்குச் சம்பத்தின் அக்கா அங்காளம்மாள் வந்திருந்தாள். பீர்க்கன்கரணை ஏரிக்கரை ஓரம் அவளுக்கு மாடி வீடு. புருஷன் நல்லவன், வீடு பெரியது, குழந்தை மட்டும் மூன்று தடவை தங்காமல் போயிருந்தது. அவள்தான் குழந்தையை வாரி எடுத்தாள், அவள்தான் சாவியையும் கொண்டுவந்து பச்சையம்மாவின் கையில் வைத்தாள். வைத்துவிட்டுத் தம்பியிடம் பேசினாள். அவர்கள் காலடியில் பச்சையம்மா கிடந்தாள்.

"தம்பி, நான் சொல்றத கேளு. இவளாண்ட வுட்டா ஒரு நாளு கொழந்தைய கொன்னு போட்டுருவா. நான் எடுத்துகினு போறேன். எனக்குந்தான் ஒண்ணும் தங்கல."

"அவ ஒத்துக்க மாட்டாக்கா."

"டாக்டரு சொல்ட்டாருன்னு சொல்லேன். அவளுக்கு இன்னா தெரியப் போவுது?"

பச்சையம்மாவின் விரல்களுக்குள்ளிருந்து சாவி நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்தது. அங்காளம்மாள் குனிந்து அதை எடுத்துத் திரும்பவும் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சரிக்கா" என்றான் சம்பத்.

சாயங்காலம் அவன் கட்டில் ஓரமாக நின்று, குழந்தையைத் தாய் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதாகச் சொன்னான். பச்சையம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். தலையாட்டினாள். என்ன சொல்லியிருக்க முடியும்? குழந்தையின் ரத்தத்தை அவளும் பார்த்திருந்தாள். காதில் விழுந்தது என்று சொன்னால், வேஷம் போட்டுப் பெற்ற பிள்ளையைக் கீழே போட்டவள் என்று ஆகிவிடும். பால் கட்டி மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. நாலாம் நாள் எழுந்து சோறு வடித்தாள்.

சம்பத்தைக் கெட்டவன் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவன் பெண்டாட்டியை அடித்ததில்லை, தள்ளி வைக்கவில்லை, மாத்திரை ஒருநாள் தவறியதில்லை. அக்கா பேச்சைத் தட்டத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதா'னில் ஒரு பிள்ளை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுகந்தி கடப்பேரிக்கு வருவாள். அங்காளம்மாளை அம்மா என்பாள். பெற்றவளைத் தாம்பரம்மா என்பாள். தாம்பரத்தில் இருக்கிற அம்மா என்பது சுருங்கி அப்படி ஆகிவிட்டது. வந்ததும் முதல் வேலையாக ஆணியில் தொங்கும் ஷட்டர் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருவாள். கடைக்குப் புதுப் பூட்டு போட்டபோது பழைய சாவி வீட்டுக்கே வந்துவிட்டது. தாம்பரம்மா எதிரில் சிரிக்கக் கூடாது, சிரிக்கிற மாதிரி எதுவும் பேசக் கூடாது, விழுந்தால் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்து சொல்ல வேண்டும். இது அங்காளம்மாள் கொடுத்திருந்த பாடம். எட்டு வயதுப் பிள்ளை, கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்த மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். எதிரில் தாய்க்காரி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

1996-ல் தீபாவளி முடிந்து இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. தை பிறந்ததும் சுகந்தியை முறைப்படி தத்து எழுதிக்கொள்ள வேண்டும் என்றாள் அங்காளம்மாள். அதற்குப் பெற்றவள் கையெழுத்து வேண்டும். "போட்டுடறேன் அண்ணி" என்றாள் பச்சையம்மா. சொல்லும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றும் தோன்றவில்லையே என்பது மட்டும் கொஞ்சம் தோன்றியது.

அடுத்த வாரம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றபடியே தூங்கிப்போனாள். பால் பொங்கி நெருப்பு அணைந்து, கேஸ் தெருவரைக்கும் நாறியது. நூர் பீவி ஓடிவந்து அடைத்தாள். சம்பத் பயந்துபோனான். வழக்கமான டாக்டர், வலிப்புக்கு இவ்வளவு தூக்கம் ஆகாதே என்று யோசித்து, குரோம்பேட்டையில் தூக்கத்துக்கென்றே ஒரு கிளினிக் வந்திருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று சீட்டு எழுதினார். தூக்கத்துக்கும் டாக்டரா என்று மார்க்கெட்டில் சிரித்தார்கள். தூங்காதவன் போனால் நியாயம், தூங்குகிறவளைக் கூட்டிக்கொண்டு போகிறானே என்றார்கள்.

மருந்துக் கடைக்கு மேலே மாடியில் நாலு அறை. அசரியா என்ற டெக்னீஷியன் பச்சையம்மாவின் தலையில் பசை வைத்து வயர்களை ஒட்டினான். ஒரு ராத்திரி தூங்க வைத்தார்கள். மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஐந்து தடவை, திரை இழுத்துவிட்டு "தூங்குங்கம்மா" என்றான் அசரியா. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளைப் பகலில் தூங்கச் சொன்ன முதல் ஆள் அவன்தான். அவள் வஞ்சனை இல்லாமல் தூங்கினாள். பக்கத்து அறையில் மிஷினின் பேனாக்கள் காகிதத்தில் கீறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை, தூங்கியதும் நேராகக் கனவு.

சாயங்காலம் டாக்டர் ஜஹானாரா அந்தக் காகித அடுக்கை மேஜை மேல் வைத்துக்கொண்டு இருவரையும் கூப்பிட்டாள். நாற்பது வயது இருக்கும். மெதுவாகப் பேசுகிறவள்.

"தூக்கத்துல ஒரு கோளாறு இருக்குன்றது இதுலயே தெரியுது. ஆனா விழறாங்களே, அது வலிப்பா, இல்ல இந்தக் கோளாறோட இன்னொரு பக்கமான்னு தெரியணும். வலிப்புன்னா மாத்திரையைக் கூட்டணும். வேறன்னா அந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திட்டு வேற தரலாம். சமைக்கலாம், பிள்ளைகளைத் தூக்கலாம், பெருசா பயமில்ல. பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு" என்றான் சம்பத். "எங்க அக்கா வூட்ல வளருது."

டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. விழும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். சம்பத் சாவிக் கதையைச் சொன்னான். படித்தவர்கள் எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தது, இருந்தாலும் சொன்னான்.

"சாவியை இறுக்கிப் பிடிச்சுக்குவாங்களா?"

"எங்க மேடம், கையில நிக்கவே நிக்காது. வெச்சா விழும். திருப்பி வெச்சா திருப்பி விழும். எங்க அக்காதான் வெரல மூடி புடிச்சிகினு ஒக்காந்துக்கும்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். வலிப்பில் கை முறுக்கிக்கொள்ளும், இரும்பை வைத்தால் விடாது. கல்யாணமாகிப் பதின்மூன்று வருடமாக அந்தச் சாவி தரையில் விழுந்து விழுந்து சொன்னதை, எடுத்து எடுத்து வைத்தார்களே தவிர ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. அவள் பச்சையம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அந்தச் சாவி கீழ விழற சத்தம் உங்களுக்குக் கேக்குமா?"

"அவளுக்கு இன்னா மேடம் தெரியும்" என்றான் சம்பத். "நெனப்பே இருக்காது."

பச்சையம்மா மேஜையைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் போதும். பழைய மாத்திரை, பழைய தூக்கம், தையில் ஒரு கையெழுத்து, யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். ஆமாம் என்றால், அவன் அக்காவிடம் 'சரிக்கா' என்று சொன்னது அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். அவள் பயந்தாள். பயம் என்று ஒன்று இன்னும் தன்னிடம் மிச்சமிருந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிள்ளைகளைத் தூக்கலாம் என்று இந்த அம்மாள் சொன்னாளே. எட்டு வயதுப் பிள்ளையை யார் தூக்குவார்கள்?

"கேக்கும்" என்றாள்.

"பக்கத்துல பேசறது?"

"கேக்கும்."

"யாரு என்ன பேசினாங்கன்னு அப்புறம் சொல்ல முடியுமா?"

"வார்த்தை வார்த்தையா சொல்வேன்" என்றாள் பச்சையம்மா.

சம்பத்தின் நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. டாக்டர் நிதானமாக விளக்கினாள். கனவு காணும்போது நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க மூளை உடம்பைக் கட்டிப்போடும். இவளுக்குச் சிரித்தால், சில சமயம் கோபப்பட்டாலும், அந்தக் கட்டு விழித்திருக்கும்போதே விழுந்துவிடுகிறது. ஆள் முழித்துக்கொண்டுதான் இருப்பாள். வலிப்பு இல்லை, பேய் இல்லை, நடிப்பும் இல்லை. இதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர் இருக்கிறது, முழுசாகப் போகாது, ஆனால் அடக்கலாம். சம்பத் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவன் காதில் எதுவும் ஏறவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

குரோம்பேட்டை ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தாம்பரம் வண்டி ஒன்று வந்தது. சம்பத் எழுந்திருக்கவில்லை. அது போனதும் கேட்டான்.

"அன்னிக்கும் கேட்டுச்சா?"

எந்த அன்றைக்கு என்று அவளும் கேட்கவில்லை.

"கேட்டுச்சு."

"அக்கா சொன்னது?"

"நீங்க சொன்னதும்."

எதிர் பிளாட்பாரத்தில் முறுக்குக்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டு முதுகை நிமிர்த்தினார். சம்பத் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எட்டு வருசமா தெரிஞ்சிகினா என் வூட்ல சோறு ஆக்கின?"

"ஆமாங்க."

"ஏன் சொல்லல?"

"வேசம் போடறேன்னு சொல்வீங்க."

அவன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லியிருப்போம் என்பது அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டான். இரண்டாவது வண்டியும் போனது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதைப் பார்த்துத் தனக்கு ஏதாவது ஆகிறதா என்று பச்சையம்மா காத்திருந்து பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. எட்டு வருடம் இழுத்து மூடியதை ஒரே நாளில் திறக்க முடியவில்லை.

"கையெழுத்து போட மாட்டேங்க" என்றாள். மூன்றாவது வண்டியில் ஏறினார்கள்.

விஷயம் பீர்க்கன்கரணைக்குப் போகாமல் இருக்குமா? அங்காளம்மாள் மறுநாளே சுகந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இத்தினி வருசமா எல்லாத்தையும் கேட்டுகினு கல்லு மாதிரி கெடந்தியா? அப்போ எல்லாம் நாடகந்தானா? பெத்த புள்ளைய கீழ போட்டு நாடகம் ஆடினியா நீ?"

எதற்குப் பயந்து பதின்மூன்று வருடம் வாய் திறக்காமல் இருந்தாளோ, அதே சொல் வாசற்படி ஏறி வந்துவிட்டது. பச்சையம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபத்தில் கழுத்து தளர்வது தெரிந்தது. சுவரில் சாய்ந்துகொண்டாள். பதில் சொல்ல நாக்கு வரவில்லை.

பதில் சம்பத்திடமிருந்து வந்தது. அவன் ஆணியிலிருந்து சாவியை எடுத்தான்.

"நாடகம்னா சாவிய புடிச்சிகினு இல்லக்கா இருந்திருப்பா? சாவி வெச்சா வலிப்பு நிக்கும், கைய மூடிக்கணும், அதான ஊருக்கே தெரியும். நடிக்கிறவ அதத்தான செய்வா? இவ கையில ஒரு தபா கூட நிக்கலயே. நீதான வெரல மூடி மூடி வெச்ச."

அங்காளம்மாள் அவனையே பார்த்தாள். தம்பி எதிர்த்துப் பேசுவான் என்பது அவள் கணக்கிலேயே இல்லை. பிறகு அங்கேயே, செருப்போடு, படியில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுகையும் பொய் இல்லை. சுகந்தியின் இரட்டைப் பின்னல் அளவெடுத்தது போலச் சமமாக இருந்தது, ரிப்பன் இஸ்திரி போட்டிருந்தது. எட்டு வருடம் தினமும் அந்தத் தலையை வாரியவள் அவள்தான். பச்சையம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நாத்தனார் பக்கத்தில் வைத்தாள்.

தத்துப் பேச்சு நின்றது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சுகந்தி கடப்பேரியில் தங்குவது, பள்ளிக்கூடம் முடிந்து லீவு விட்டதும் முழுசாக வந்துவிடுவது என்று ஏற்பாடானது. பழைய மாத்திரை பாதி, கால் என்று குறைந்து நின்றது. புது மாத்திரையில் வாய் வறண்டது, தூக்கம் மட்டுப்பட்டது. மத்தியானம் இருபது நிமிடம் படுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்ததால் யாரும் திட்டவும் முடியவில்லை. வீட்டில் சம்பத் எதைப் பேசினாலும் யோசித்துப் பேசினான். பெண்டாட்டிக்குக் காது இருக்கிறது என்பது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமாக இருந்தது.

விழுந்தால் ஒரு கோடு போடச் சொல்லி டாக்டர் ஒரு நோட்டு கொடுத்திருந்தாள். இரண்டு மாதம் கழித்துப் பச்சையம்மா அதைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் ஒரு கோடுகூட இல்லை. அசரியாவுக்கு ஒரே சந்தோஷம். டாக்டர் மட்டும் சந்தோஷப்படவில்லை.

"இந்த ரெண்டு மாசத்துல சிரிச்சீங்களா?"

பச்சையம்மா யோசித்தாள். "இல்ல மேடம்."

"அப்போ மாத்திரை வேலை செய்யுதுன்னு நான் எப்படி எடுத்துக்கறது?"

"சிரிப்பு வரல மேடம். இப்ப நான் அடக்கல. வுட்டுத்தான் பாக்கறேன். வரல."

மார்க்கெட்டில் முருங்கைக்காய் வரவில்லை என்பது போலச் சொன்னாள். டாக்டர் நோட்டை மூடி வைத்தாள்.

"தரையில உக்காந்துக்குங்க. முதுகுக்குச் சுவர் இருக்கட்டும். விழறதுக்கு இடமே இருக்காது. யாரையாவது சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லச் சொல்லுங்க. சிரிச்சுட்டு வந்து என்ன ஆச்சுன்னு சொல்லுங்க. இதுவும் மருந்துதான்."

அந்தச் சனிக்கிழமை சம்பத் கடைக்குப் போயிருந்தான். சுகந்தி வந்ததும் வழக்கம்போலச் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பச்சையம்மா கூடத்தில் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு தலையணையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"சுகந்தி, இஸ்கூல்ல எதனா சிரிப்பு நடந்துச்சா? சொல்லு."

பிள்ளை அரண்டுபோனாள். "சொல்லக் கூடாது தாம்பரம்மா. நீங்க விழுந்துருவீங்க."

"நான் ஏற்கெனவே கீழதான ஒக்காந்துகினு கீறேன்? இன்னும் எங்க விழறது?"

சுகந்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள். அந்த நியாயம் அவளுக்குச் சரியாகப் பட்டது. நாற்காலியிலிருந்து இறங்கி எதிரில் வந்து உட்கார்ந்தாள். சாவியை மட்டும் விடவில்லை.

"எங்க இஸ்கூல் வாட்ச்மேன் ஏசுதாசன் தாத்தா கீறாரு இல்ல, மணி அடிக்கிறவரு..." என்று ஆரம்பித்தாள். குரல் முதலில் பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. "அவரு மணிக்கயிற கால் கட்டவெரல்ல கட்டிகினு தூங்கிட்டாரு."

"ஏன் கால்ல கட்டினாரு?"

"யாரும் திருட்டுத்தனமா அடிக்கக் கூடாதுன்னு. அப்போ ஒரு ஆடு வந்து அவரு மடியில இருந்த இட்லி பொட்டலத்த இழுத்துச்சு. அவரு தூக்கத்துலயே ஆட்ட ஒதைச்சாரு. டங்குன்னு மணி. திரும்ப ஆடு வந்துச்சு, திரும்ப ஒதைச்சாரு, டங்கு. டங்கு, டங்கு, டங்கு. லாங் பெல்லுன்னு நெனைச்சிகினு மொத்த இஸ்கூலும் பையத் தூக்கிகினு வூட்டுக்கு..."

சொல்லும்போதே சுகந்திக்கு அடக்க முடியவில்லை. எட்டு வருடமாக அந்த வீட்டுக்குள் சிரிக்காத பிள்ளை, சாவியைக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடி ஆடிச் சிரித்தாள். புருவத்திலிருந்த பழைய தழும்பு மேலே ஏறி இறங்கியது. ஐந்து மாதத்தில் கேட்ட அதே சத்தம். கொஞ்சம் பெரிதாகியிருந்தது, அவ்வளவுதான்.

பச்சையம்மாவுக்கு அடிவயிற்றில் ஏதோ அசைந்தது. என்னவென்று அவளுக்கு முதலில் தெரியவில்லை. அது நெஞ்சுக்கு ஏறி, தொண்டைக்கு ஏறி, வாயைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. இரண்டு முறைதான், துருப்பிடித்த பம்பு மாதிரி. அதற்குள் தாடை தொங்கிவிட்டது. தலை மெல்லத் தலையணைப் பக்கமாகச் சரிந்தது. இமை மூடிக்கொண்டது. முன்பு போல இடி விழுந்தது போல இல்லை, யாரோ பிடித்துப் படுக்க வைத்தது போல இருந்தது. பயப்படவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சிரிப்பு சாகவில்லை.

சுகந்தியின் சிரிப்பு சட்டென்று நின்றது. சாவி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது, சின்ன விரல்கள் அவள் விரல்களை மடக்கப் பார்த்தன. சாவி நழுவியது. தரையில் டங்கென்று விழுந்தது.

இப்போது ஓட வேண்டும், நூர் பீவியைக் கூப்பிட வேண்டும். பாடம் அதுதான். பச்சையம்மா பாவாடை சரசரப்புக்காகவும் வாசல்பக்கம் ஓடும் காலடிக்காகவும் காத்திருந்தாள். காலடி கேட்கவில்லை. தேங்காய் எண்ணெய் வாசனை கிட்டே வந்தது. காதோரம் சூடாக மூச்சு பட்டது.

"உனுக்கு கேக்குதுன்னு அப்பா சொல்லிச்சு" என்றாள் சுகந்தி ரகசியமாக. "கேக்குதில்ல? சரி, மீதியும் சொல்றேன். பெரிய டீச்சரும் கொடய எடுத்துகினு கெளம்பிட்டாங்க. பெருங்களத்தூர் ரயில் கேட்டு வரைக்கும் போயிட்டாங்க. அங்க போனப்புறம்தாம்மா, இன்னும் மத்தியானமே ஆவலன்னு நெனப்பு வந்துச்சு..."